நெழலாடுது மாமா

புடவைத் தலைப்பை வலது கையில் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வெளிச்சப் பெட்டியின் கண்ணாடியை மூன்று சுற்று துடைக்கிறாள் சாராள். இடமிருந்து வலமாக இரண்டு, வலமிருந்து இடமாக ஒன்று. அப்புறம் கன்னம் கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து ஓரக்கண்ணால் ஒரு பார்வை. ஈ உட்கார்ந்த புள்ளி, கொசு நசுங்கின கறை, நேற்று யாரோ வைத்துவிட்டுப் போன விரல் ரேகை, ஒன்றும் இல்லை என்று ஆனபிறகுதான் முக்காலியில் உட்காருவாள். "வாங்கடா கண்ணுங்களா" என்று பாட்டில்களைக் கூப்பிடுவாள். முதல் பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவாள்.

கவரைப்பேட்டையைத் தாண்டி, கும்மிடிப்பூண்டிக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி இருக்கிற பாட்டில் கம்பெனி அது. பெயர் வேண்டாம். மருந்து ஊற்றுகிற பாட்டில்கள்தான் அங்கே முக்கியம். உலையில் ஊதி, ஆறவைத்து, தட்டுத் தட்டாக எங்கள் ஷெட்டுக்கு வரும். வெளிச்சப் பெட்டி என்பது பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு மரப்பெட்டி, உள்ளே இரண்டு டியூப் லைட், முன்பக்கம் பால் மாதிரி வெளுத்த கண்ணாடி. அதற்கு எதிரே பாட்டிலைப் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். நல்லது இடது கூடைக்கு. கெட்டது வலது கூடைக்கு. வலது கூடைக்குப் போனதை உடைத்து மறுபடி உலையில் கொட்டிவிடுவார்கள். அறுபத்து நாலாம் வருஷம் சாராள் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். எழுபத்து மூன்று முடியப்போகிறது, இன்னும் அதே முக்காலி. இடது கூடையை எடுத்து, பாட்டிலுக்குப் பாட்டில் வைக்கோல் சுற்றிச் சாக்கில் அடுக்குவது என் வேலை. எட்டடி தூரத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக அவளைப் பார்க்கிறேன்.

அவள் எனக்கு யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் கங்கம்மாவை மாதர்பாக்கத்துப் பக்கம் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அக்காளின் மூத்த மகன் ராஜமாணிக்கம். அவன் சம்சாரம் சாராள். இரண்டு பக்கத்து வம்சமும் பிறத்தியார் வயலில் நாற்று நட்ட வம்சந்தான். ராஜமாணிக்கம் எட்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஒரே பெண் கிரேஸ். திருவள்ளூரில் விடுதியில் தங்கி வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்தப் பெண்ணின் சோறு, புத்தகம், பஸ் எல்லாமே இந்த முக்காலியிலிருந்து போகிறது.

சாராளுக்கு உயரம் அதிகம் இல்லை. நாற்பத்தெட்டு வயது. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள், முகத்தின் ஓரத்தைப் பார்ப்பாள். பாட்டில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. உலையைக் கடக்கிறபோது தலைப்பை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பாதை மனப்பாடமாகத் தெரிகிறபடியால் குருடியைப்போல நடந்துபோவாள். "அத்த பாத்தா ஒரு மணி நேரம் கண்ணுல பச்சப் பூவா பூத்துக்கினு கீது மாமா. அப்புறம் இன்னா வேல செய்றது?" நாஷ்டா முடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற வேலிக்காத்தான் புதரை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்ணைக் கழுவுகிறேன் என்பாள். தண்ணீர் தொடமாட்டாள்.

குடிக்கிற டம்ளரைக்கூட வெளிச்சத்துக்குத் தூக்கி ஒரு சுற்று சுற்றாமல் வாயில் வைக்கமாட்டாள். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற குப்புராஜுக்கு இதனால் அவள்மேல் ஓயாத கோபம்.

"ஏம்மா, நீ டீ குடிக்க வந்தியா, எக்ஸ்ரே எடுக்க வந்தியா?"

"இந்த கிளாசு வாணாம் குப்புராஜு. நெழலாடுது."

"ஆடட்டும், ஆடட்டும். நீயும் கூட ஆடு. காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு."

அந்தக் கிளாஸ் அடுத்த வாரமே ஒரு லாரி டிரைவர் கையில் இரண்டாகப் பிளந்தது. சுடுகிற டீ, வேட்டியெல்லாம் டீ. அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுகிறான். கோபம் மட்டும் குறையவில்லை.

இந்த 'நெழலாடுது' என்கிற சொல்லைப் பற்றித்தான் சொல்லவந்தேன். கம்பெனியில் பாட்டிலின் குற்றங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. கல், குமிழ், கீறல், வரி என்று அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சாராளுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். மேஸ்திரி அரசப்பன் வருகிறது தெரிந்தால், தலையைத் தூக்காமலே, "வாசல்ல நெழலாடுது, பேச்ச நிறுத்துங்கடி" என்பாள். கிரேஸ் லீவுக்கு வந்தபோது ஏதோ ஒரு பரீட்சையில் தவறிவிட்டதை மறைத்தாள். அம்மாக்காரி சோறு போட்டுக்கொண்டே, "மூஞ்சில நெழலாடுதே, இன்னாடி?" என்றாளாம். பெண் அழுதுவிட்டது. வருஷத்தில் ஒருநாள், ராஜமாணிக்கம் போன தேதியில், வேலைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கி காலைலருந்து நெழலாடிக்கினே கீது மாமா" என்பாள். அவ்வளவுதான். நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வைக்கோலைப் பிரிப்பேன்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. பெட்டி அணைந்தால் சாராள் சும்மா இருக்கமாட்டாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்க ஜன்னலுக்குப் போய்விடுவாள். வெயில் நாளாக இருந்தால் முணுமுணுப்பாள். வெயிலில் எல்லாப் பாட்டிலும் நல்ல பிள்ளை மாதிரி பளபளத்து நிற்குமாம், மேகம் மூடின நாள்தான் சரியான நாளாம். அன்றைக்கு மேகம். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, நெழலு கீதுன்னு சொன்னா போதாதா? ஆடுதுன்னு எதுக்கு ஒரு வால சேத்துக்கினு?"

"இன்னா மாமா, இத்தினி வயசாச்சு, இது தெரியாதா? நெழலு சும்மா கெடக்கும். கம்பத்து நெழலு, கூர நெழலு, அதுங்க பாட்டுக்கு கெடக்குது. அதுல இன்னா சேதி? ஆடுனாத்தான் அங்க யாரோ கீறாங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுக் காட்டவும் செய்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு பறவை எச்சம் இருந்தது. பாட்டிலை அதற்கு எதிரே பிடித்தாள். பாட்டிலுக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. பாட்டிலைச் சுற்றினாள். கறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"நிக்குது பாருங்க. அப்ப இது பாட்டிலோடது இல்ல, ஜன்னலோடது."

வேறொரு பாட்டில். அதிலும் ஒரு மங்கல், வெங்காயச் சருகு மாதிரி. சுற்றினாள். மங்கலும் கூடவே சுற்றி வந்தது.

"இது ஆடுது. இது பாட்டிலோடது." வலது கூடையில் போட்டாள். "நெழலுக்கு ரெண்டே ஊடுதான் மாமா. ஒண்ணு பெட்டி, ஒண்ணு பாட்டிலு. சுத்திப் பாத்தா எந்த ஊட்டுல கீதுன்னு அதுவே சொல்லிப்புடும்."

இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டவர்கள் உண்டு. இரண்டாவது பெட்டிக்குப் புதிதாக வந்த முத்தம்மா, நாலு பிள்ளை பெற்றவள், கெட்டிக்காரிதான். முதல் நாள் காலையில் நாலு கூடை பாட்டிலை வலது பக்கம் தள்ளிவிட்டாள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. உடைக்கிற ஆள் சுத்தியலைத் தூக்குகிற நேரத்தில் சாராள் போய்ப் பெட்டியின் கண்ணாடியைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாள். கொசு. முத்தம்மாவுக்கு இன்றைக்கும் ஷெட்டில் 'கொசுக்காரி' என்றுதான் பெயர்.

இந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து சாராள் உட்காருகிற தினுசு கொஞ்சம் மாறியிருந்தது. பெட்டிக்கு நேராக உட்காராமல் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டேன். வலது கூடை முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது. அதை நான் பார்த்தேன். அரசப்பனும் பார்த்தான்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், ஒரே தட்டில் பாதிக்குமேல் வலது பக்கம் போய்விட்டது. அரசப்பன் வந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பெட்டிக்கு எதிரே பிடித்தான். சுற்றினான். இன்னொன்று. இன்னொன்று.

"இன்னா கீது இதுல?"

"நெழலாடுது மேஸ்திரி."

"எனக்கு ஒண்ணும் தெரிலியே. முத்தம்மா, நீ பாரு."

முத்தம்மா பார்த்தாள். சாராளைப் பார்த்தாள். "எனக்கும் தெரில மேஸ்திரி. ஆனா நான் கொசுக்காரி, என்னக் கேட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அரசப்பன் குரலை இறக்கித்தான் பேசினான். கெட்டவன் இல்லை அவன்.

"யக்கா, கோவிச்சுக்காத. நெழலு பாட்டில்ல கீதா, உன் கண்ணுல கீதா? ரெண்டு மாசமா உன் வலது கூடைதான் எல்லாத்துக்கும் மேல ரொம்புது. மேல கேக்குறாங்க. நாளைக்கி சாமி வந்து பாக்கட்டும். சரியில்லன்னா பெட்டிய முத்தம்மாவுக்குக் குடுத்துட்டு நீ உடைசல் பக்கம் போயிரு. நான் இன்னா பண்ண முடியும்?"

உடைசல் பக்கம் என்றால் கண்ணாடிச் சில்லு பொறுக்கிக் கூடையில் சுமப்பது. கூலி பாதி. மழை நாளில் வேலையும் இல்லை. கிரேஸின் கடைசி வருஷம் அந்தப் பாதிக்குள் அடங்காது. இது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். சாராள் கையிலிருந்ததை வலது கூடையில் வைத்தாள். அடுத்த பாட்டிலைத் தூக்கினாள்.

சாமி என்பது டெஸ்ட் ரூம் ராமஸ்வாமி. திருவள்ளூர்க்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் வீரராகவர் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி இங்கே வந்து கண்ணாடியோடு மல்லாடுகிறார். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் சின்ன அளவுகோல். மறுநாள் காலையில் வந்தார். கொதிக்கிற தண்ணீர் ஒரு தொட்டி, பச்சைத் தண்ணீர் ஒரு தொட்டி வைக்கச் சொன்னார். சாராள் கழித்துப்போட்டதில் பத்து, நல்லது என்றதில் பத்து எடுத்தார். சுடுதண்ணீரில் அமுக்கி, ஐந்து நிமிஷம் கழித்து அப்படியே பச்சைத் தண்ணீரில் இறக்கினார். உள்ளுக்குள் கோளாறு இருக்கிற கண்ணாடி அந்தச் சூடு குளிரைத் தாங்காது.

நல்ல பத்தும் அசையாமல் இருந்தன. கழித்த பத்தில் டக், டக் என்று சத்தம். எண்ணினோம். ஆறு விரிசல் விட்டிருந்தன. நாலு முழுசாக இருந்தன.

ராமஸ்வாமி ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "வரி ஓடியிருக்கு. புது மணல் சரியாக் கலக்கலை. இதை நான் லென்ஸ் வெச்சுன்னா பார்க்கணும்! என்னம்மா சாராள், வெறுங்கண்ணாலயா பார்த்தே?"

"நெழலாடிச்சு சாமி."

"சரியான வார்த்தை." அவர் அரசப்பன் பக்கம் திரும்பினார். "எங்க பெருமாளை நெய் விளக்கைக் கையில வெச்சுண்டு அசைச்சுக் காட்டுவா. விளக்கு அசையாம நின்னுடுத்துன்னா இருட்டுதான். ஆடினாத்தான் திருமுகம் தெரியும். நாலு தப்பாப் போனா போகட்டும் ஓய். அந்த ஆறு மருந்துக் கம்பெனிக்குப் போயிருந்தா நம்ம பேர் போயிருக்கும். பெட்டி அவகிட்டயே இருக்கட்டும்."

அரசப்பன் தலையை ஆட்டினான். அத்தோடு முடிந்தது. முத்தம்மா பெருமூச்சு விட்டுத் தன் பெட்டிக்குப் போனாள். நான் வைக்கோல் கட்டை அவிழ்த்தேன்.

சாராள் மட்டும் போகவில்லை. "சாமி, அந்த நாலு பாட்டில எங்கிட்ட குடுங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் நல்லதுன்னு தெரிஞ்சுடுத்தே."

"நல்லதுன்னா நான் ஏன் கழிச்சேன்?"

வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டியை மூன்று சுற்று துடைத்தாள். முதல் பாட்டிலைத் தூக்கிச் சுற்றினாள். உதட்டைக் கடித்தாள். மறுபடி சுற்றினாள். பிறகு நான் அவளிடம் என்றைக்கும் பார்க்காத ஒன்றைச் செய்தாள். பாட்டிலை மேஜையில் வைத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஓட்டினாள். நாலு பாட்டிலுக்கும் அப்படியே.

"பெட்டி நிக்குது," என்றாள். "பாட்டிலும் நிக்குது. நெழலு ஆடுது."

நாலு பாட்டிலையும் ஓரமாகத் தள்ளினாள்.

"இது எங்கிட்ட கீது சாமி. பாட்டில சுத்தும்போது கண்ணும் கூடவே ஓடுதா, அதுவும் கூடவே ஓடிச்சு. நான் பாட்டிலோடதுன்னு நெனச்சுக்கினேன். மேஸ்திரி சொன்னது சரிதான்."

முத்தம்மா வாயில் கை வைத்தாள். காப்பாற்றி முடிந்த வேலையைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாளே! "வாயத் தொறந்து ஏன்மா சொன்னே?" என்று எழுந்தே விட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் வலது கண்ணை மூடினாள். திறந்தாள். இடது கண்ணை மூடினாள். திறந்தாள்.

"ரைட்டு கண்ணுல மட்டுந்தான். லெப்ட்டு சுத்தமா கீது. இன்னொரு தட்டு கொண்டாங்க சாமி. ஒத்தக் கண்ணுல பாக்குறேன். தப்பா பாத்தா நானே உடைசலுக்குப் போறேன்."

அரசப்பன் ராமஸ்வாமியைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் விரலைச் சொடுக்கித் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

இருபது பாட்டில். வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றினாள். இடது கைப் பழக்கம் இல்லாததால் முதல் இரண்டு பாட்டிலைச் சுற்ற நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, அவள் விட்டிருக்கவும் மாட்டாள். மூன்றைத் தள்ளிவைத்தாள். பதினேழைப் பக்கத்தில் வைத்தாள். சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர். மூன்றும் டக் என்றன. பதினேழும் ஊமையாக இருந்தன.

"இதுவே போதும்" என்றார் ராமஸ்வாமி. அரசப்பன்தான் விடவில்லை. அவன் மேலே பதில் சொல்லவேண்டியவன். கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு சொன்னார்கள்: பெட்டி சாராளுக்கு. ஆனால் சனிக்கிழமை தோறும் அவளுடைய இடது கூடையிலிருந்தும் வலது கூடையிலிருந்தும் பத்துப் பத்து எடுத்துத் தொட்டியில் இறக்கவேண்டும். ஒரு பாட்டில் பொய் சொன்னாலும் அவள் உடைசலுக்கு. தை மாதம் திருவள்ளூரில் கண் முகாம் போடுகிறார்கள், அங்கே கட்டாயம் போகவேண்டும்.

"பொன்னேரி ஆஸ்பத்திரில காட்னேன் மாமா," என்று ஒருநாள் சொன்னாள். "கண்ணுல பொற வளருதாம். இன்னும் முத்தலையாம். முத்துனாத்தான் அறுப்பாங்களாம். இன்னா பழமா காயா?" சிரித்தாள். கொஞ்ச நேரம் பாட்டில் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள்: "நெழலுக்கு ரெண்டு ஊடுன்னு உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். மூணு."

கிரேஸுக்கு இதெல்லாம் தெரியாது. எழுதவேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நானும் எழுதவில்லை.

மூன்று சனிக்கிழமை போய்விட்டது. மூன்றிலும் சாராள் கூடையில் ஒரு பாட்டில்கூடத் தப்பாகவில்லை. முக்காலியைப் பெட்டியின் வலது ஓரத்துக்கு நகர்த்தி, இடது கண் கண்ணாடிக்கு நேராக வரும்படி உட்காருகிறாள். கை பொத்துகிற வேலை வேண்டாம் என்று முத்தம்மா தன் பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பட்டி தைத்துக் கொடுத்தாள். சாராள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், கட்டவில்லை.

இன்று நாலாவது சனி. மேகம் மூடியிருக்கிறது. அரசப்பன் தொட்டிக்கு நெருப்பு மூட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சாராள் வந்தாள். தலைப்பைச் சுருட்டிப் பெட்டியின் கண்ணாடியை மூன்று சுற்று துடைத்தாள். கன்னத்தை வைத்து ஓரமாகப் பார்த்தாள். நிமிர்ந்தாள். தலைப்பில் அழுக்குப் படாத மூலையைத் தேடி விரலில் சுற்றி, வலது கண்ணை மூடி அதன்மேல் மெதுவாக ஒரு சுற்று துடைத்துவிட்டு, முதல் பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள்.